கடலுக்கு முதுகு காட்டி

மாயவரம் கடைத்தெருவில் நான் தொழில் பழகிவந்த புகைப்பட நிலையத்திற்கு, 1975-ஆம் வருஷம் ஐப்பசி அடைமழையில் நனைந்து மையெல்லாம் கரைந்த நிலையில், சிவகாசியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. நாட்காட்டி அச்சிடும் அச்சகம் ஒன்று, தெய்வப் படங்களையும் கொழுகொழுவென்ற குழந்தைகளையும் வருஷா வருஷம் போட்டு அலுத்துப்போய், 1977-ஆம் வருஷத்திற்குப் பன்னிரண்டு கடற்கரைக் காட்சிகளை வெளியிட உத்தேசித்திருப்பதாகவும், பூம்புகார் முதல் கோடியக்கரை வரையுள்ள கரையில் “நல்ல நல்ல இடங்களாக”ப் பார்த்து எடுத்து அனுப்பினால் தகுந்த சன்மானம் உண்டென்றும் அதில் கண்டிருந்தது. எங்கள் முதலாளிக்கு அப்போதே முழங்கால் வாதம். மணலில் நடக்க அவருக்குத் திராணியில்லை. எனக்கோ இருபத்திரண்டு வயது. கல்யாண வீடுகளில் மாப்பிள்ளை அழைப்பையும் பள்ளிக்கூடங்களில் வருஷக் கடைசி வகுப்புப் படங்களையும் தவிர வேறொன்றும் எடுத்தறியாத என்னிடம், கண்ணாடி பீரோவில் பட்டுத்துணி சுற்றி வைத்திருந்த தமது யாஷிகா மேட் காமிராவை அவர் எடுத்துக் கொடுத்தபோது, அதைக் காட்டிலும் அதை வைத்திருந்த பட்டுத்துணியை எங்கே வைப்பது என்பதே எனக்குப் பெரிய கவலையாயிற்று.

அந்தக் காமிராவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாகவேண்டும். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு லென்சுகள்; மேலது நாம் பார்ப்பதற்கு, கீழது படம் எடுப்பதற்கு. கண்ணில் வைத்துப் பார்க்கும் வழக்கம் இதற்கில்லை. வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, கிணற்றை எட்டிப்பார்ப்பதுபோலத் தலை குனிந்து, மேலேயுள்ள தேய்த்த கண்ணாடியில் விழும் பிம்பத்தைப் பார்க்கவேண்டும். அந்தப் பிம்பமோ நிலைக்கண்ணாடியில் தெரிவதுபோல இடம் வலமாகவும் வலம் இடமாகவும் மாறித் தெரியும். ஒரு சுருளுக்குப் பன்னிரண்டே படங்கள். ஊட்டியில் செய்த இந்து சுருளோ கிழக்கு ஜெர்மனியிலிருந்து வந்த ஆர்வோ சுருளோ, எது கிடைக்கிறதோ அது. வண்ணச் சுருள் விலை அதிகம், கிடைப்பதும் அருமை. ஆகையால் முதலில் கறுப்பு வெள்ளையில் இடங்களை எடுத்து வந்து காட்டி, முதலாளி தலையசைத்த இடத்திற்கு மாத்திரமே வண்ணச் சுருளோடு மறுபடி போகவேண்டும் என்று ஏற்பாடு.

மழை ஓய்ந்து தை பிறந்ததும் புறப்பட்டேன். மாயவரத்திலிருந்து தரங்கம்பாடிக்கு 1926 முதல் ஓடிக்கொண்டிருந்த மீட்டர்கேஜ் ரயில் அப்போது இருந்தது. செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், பொறையாறு என்று ஒவ்வோர் ஊரிலும் நின்று, வயலுக்குப் போகிறவர்களை இறக்கி, பால்காரர்களை ஏற்றி, அவசரம் என்ற வார்த்தையையே கேட்டறியாததுபோல அது கடலை நோக்கிப் போகும். எண்பதுகளில் அதை நிறுத்திவிட்டார்கள். தரங்கம்பாடி என்ற பெயருக்கு ‘பாடுகின்ற அலைகளின் ஊர்’ என்று பொருள் சொல்லி மகிழ்வது பிற்கால ரசனை. கடல் தின்றதுபோக எஞ்சி நிற்கும் மாசிலாமணிநாதர் கோயிலின் கல்வெட்டு, 1306-ஆம் ஆண்டில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் பொறித்தது, அந்த ஊரைச் சடங்கன்பாடி என்றே சொல்கிறது. அந்தக் கோயிலுக்குப் பக்கத்தில்தான் டேனிஷ்காரர்கள், தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று, 1620-இல் டான்ஸ்போர்க் கோட்டையை எழுப்பினார்கள். 1845-இல் ஊரையே வெள்ளைக்காரக் கம்பெனிக்கு விற்றுவிட்டுப் போனார்கள். ஒரு புறம் பாண்டியன் கோயில், ஒரு புறம் டேனிஷ் கோட்டை, நடுவே மீன் நாற்றமும் வலைகளும். இதைவிட நல்ல இடம் வேறென்ன வேண்டும் என்று நினைத்துக்கொண்டு, கோட்டைக்கு அருகே ஒரு வீட்டுத் திண்ணையில் ஜாகை பிடித்தேன்.

அடுத்தடுத்து மூன்று நாள் சூரியோதயத்தை எடுத்தேன். கிழக்குக் கரையில் காமிராவோடு வந்தவன் வேறென்ன செய்வான்? நாலரை மணிக்கே எழுந்து, பனியில் நனைந்த மணலில் நின்று, சமுத்திரத்தின் விளிம்பில் செம்பருத்திப்பூ மொட்டாகத் தலைகாட்டும் சூரியன் முழுமையாக எழும்வரை, கை நடுங்க நடுங்க ஒவ்வொன்றாக எடுத்தேன். ஊருக்குத் திரும்பி, சுருள்களைக் கழுவி, ஒட்டுப் படங்களாக அச்செடுத்து மேஜையில் பரப்பினேன். முதலாளி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முப்பத்தாறையும் பார்த்தார். பிறகு ஒன்றை எடுத்துக் காட்டி, “இது எந்த ஊர்?” என்றார்.

“தரங்கம்பாடிங்க.”

“ராமேஸ்வரம்னு சொன்னா ஒத்துக்க மாட்டியா? மெட்ராஸ் மெரீனான்னு சொன்னா? ஏம்ப்பா, சூரியனும் தண்ணியும் எந்த ஊர்ல இல்லே? இதுக்கு ரயில் சார்ஜ் எதுக்கு?”

எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. ஆனாலும் அவர் கேட்டது நியாயமான கேள்வி. கடலும் வானமும் மாத்திரம் சேர்ந்தால் அதற்கு விலாசம் கிடையாது. விலாசமெல்லாம் கரையிலே இருக்கிறது.

இரண்டாம் முறை போனபோது, வெறுப்பும் ரோஷமுமாக, முதல்நாள் விடியற்காலையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அலைநீரில் கெண்டைக்கால் அளவு இறங்கி, கடலுக்கு முதுகு காட்டி நின்றேன். அந்த ஒரு திரும்புதலில் நான் கண்ட காட்சியை இன்றும் கண்ணை மூடினால் பார்க்க முடிகிறது. இரவெல்லாம் கடலுக்குப் போன ஆண்கள் திரும்பும் வேளையாகையால், கூடைகளைத் தலைகீழாகக் கவிழ்த்து அவற்றின்மேல் உட்கார்ந்தபடி பெண்கள் வரிசையாகக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடல் மட்டத்திலிருந்து எழுந்த வெயில் கிடையாக வந்து, எந்த நிழலும் குறுக்கிடாமல், அந்த முகங்கள் அத்தனையிலும் பட்டு, மூக்குத்திகளில் தெறித்தது. ஒருத்தி நெற்றிக்கு மேல் கையை வைத்து வெயிலை மறைத்திருந்தாள். விரல்களின் நிழல் நான்கு கோடுகளாக அவள் கன்னத்தில் விழுந்திருந்தது. பின்னால் கோட்டையின் கடல்புறச் சுவர், மஞ்சளரைத்துப் பூசியதுபோல. மூன்று நாள் நான் எந்த விளக்கை வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றேனோ, அந்த விளக்கு காட்டிய பொருளெல்லாம் என் முதுகுக்குப் பின்னால் இருந்திருக்கிறது.

இதில் ஒரு தொழில் ரகசியமும் உண்டு. கீழைக்கரையில் காலை வெயில் கடலிலிருந்து கரைக்கு வருகிறது. மாலை வெயில் கரையிலிருந்து கடலுக்குப் போகிறது. ஆகவே காலையில் காமிரா நீரில் நிற்கவேண்டும், மாலையில் மணலில் நிற்கவேண்டும். சித்திரை வைகாசியில் மணி எட்டுக்கெல்லாம் வானம் வெளுத்துப்போய், கடலுக்கும் வானத்துக்கும் வித்தியாசம் தெரியாத ஒரு சாம்பல் திரை இறங்கிவிடும். அப்போது பையை மூடிக்கொண்டு காப்பிக்கடையைத் தேடிப் போவதே உத்தமம். மழைக்காலத்து இறுதியில், வாடைக்காற்று வானத்தைக் கழுவித் துடைத்துவிட்ட நாட்களில்தான், மஞ்சள் வடிகட்டியை லென்சின்மேல் மாட்டினால் மேகங்கள் பஞ்சுப்பொதியாகத் திரண்டு எழும்பும். காலிரண்டும் நீரில் நிற்பதால் வரும் கஷ்டம் வேறு. அலை வாங்கும்போது பாதத்தின் கீழுள்ள மணலும் சேர்ந்து வாங்கும். குதிகால் அமிழ்ந்து, கவனித்துக்கொண்டிருக்கும்போதே அடிவானம் சாய்ந்துவிடும். உப்பு நீர்த்திவலை லென்சில் படிந்தால் துடைக்கத் துடைக்க எண்ணெய்போல் பரவும். ஒருமுறை அலை ஒன்று என் இடுப்புவரை எழும்பி வந்ததில் ஷட்டருக்குள் உப்பு இறங்கி, அதைப் பழுதுபார்த்த செலவை முதலாளி என் சம்பளத்தில் மூன்று தவணையாகப் பிடித்துக்கொண்டார்.

இப்படி நான் தினந்தோறும் நீரில் நின்று ஊரைப் பார்த்துக்கொண்டிருந்ததை, கட்டுமரத்தை அவிழ்த்து மரங்களை உலரப் போட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர் கவனித்துவந்திருக்கிறார். அறுபது வயதுக்கு மேலிருக்கும். மார்பெல்லாம் உப்புப் பூத்த நரைமயிர். நாலாம் நாள் அருகில் வந்து, “தம்பி, எல்லாரும் கடலைப் பாக்க வாரான். நீ மட்டும் எங்களைப்போல கரையைப் பாக்குறே. என்ன பாக்குறே?” என்றார். நான் காமிராவின் மூடியைத் திறந்து அவர் வயிற்றருகே பிடித்தேன். குனிந்து பார்த்தவர் வெகு நேரம் நிமிரவில்லை. கண்ணாடிக்குள்ளே அவருடைய ஊர் ஓர் அஞ்சல் அட்டை அளவுகூட இல்லாமல் மின்னிக்கொண்டிருந்தது. பிறகு நிமிர்ந்து கரையைப் பார்த்தார், மறுபடி குனிந்தார். “கோயிலு இந்தப் பக்கமில்ல இருக்கு? இதுல அந்தப் பக்கம் போயிருச்சே!” என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். கண்ணாடியின் குணம் அது, படத்தில் சரியாகிவிடும் என்று சொன்னேன். “சரியாவணும். இல்லேன்னா ஆபத்து” என்றார். என்ன ஆபத்து என்று கேட்டதற்கு, “நாளைக்குக் கூட வா, காட்டுறேன். அந்தப் பொட்டியை வூட்டுல வச்சுட்டு வா” என்று பதில் வந்தது.

மறுநாள் அவரோடும் அவர் மகனோடும் கட்டுமரத்தில் போனேன். கட்டுமரத்தில் உட்காருவது என்பது கடலிலேயே உட்காருவதுதான். மரங்களின் இடுக்கு வழியே நீர் மேலே வந்து கீழே போய்க்கொண்டிருக்கும். கரைக்காற்றில் பாய் விரித்து வெகு தூரம் போனபின், ஊர் ஒரு விரற்கடை உயரத்துக் கோடாகிவிட்ட இடத்தில், பெரியவர் எழுந்து நின்று, கடலைப் பார்க்காமல், கரையையே பார்த்தார். துடுப்பைக் கொஞ்சம் அசைக்கச் சொன்னார். இன்னும் கொஞ்சம். “இப்பப் பாரு. கோயில் மூலைக்கு நேர் பின்னால ஒரு தென்னை தெரியுதா? ரெண்டும் ஒண்ணா நிக்குதா? இது ஒரு கோடு. இப்பத் தெக்கே திரும்பு. கோட்டைக் கொத்தளத்துக்குப் பின்னால மாதாகோயில் உச்சி. அதுவும் இதுவும் ஒண்ணா நிக்குதா? அது ஒரு கோடு. ரெண்டு கோடும் வெட்டுற எடத்துல இப்ப நாம நிக்குறோம். இதுக்குக் கீழதான் பாரு கெடக்கு. எட்டுப் பாகம்.” மகன் கல் கட்டிய கயிற்றை விட்டான், எட்டுப் பாகம் போனதும் அடியிலிருந்த பாறை தட்டுப்பட்டது. கண்ணுக்கு எட்டியவரை ஒரேமாதிரியான நீர்ப்பரப்பில், ஒரு கொட்டகை அகலத்துக்கு மேலிராத ஒரு பாறையை, தாத்தாவும் தகப்பனும் மகனுமாகத் தலைமுறை தலைமுறையாக, கரைக்கு முகம் கொடுத்து நின்றே கண்டுபிடித்து வந்திருக்கிறார்கள். “இதுல கோயிலு அந்தப் பக்கம் போச்சுன்னா நாங்க எங்கே போறது?” என்று கேட்டு, முதல்நாள் சிரித்த அதே சிரிப்பைச் சிரித்தார்.

கரை சேர்ந்த அன்று மாலையே பொறையாற்றுக் கடைத்தெருவில் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். அதுவரை நான் ‘நல்ல இடம்’ என்று குறித்து வைத்ததெல்லாம், ‘கோட்டைக்கு வடக்கே கொஞ்ச தூரம், படகுகள் நிறைய’ என்ற தினுசில்தான் இருந்தன. மறுபடி போனால் அந்தக் கொஞ்ச தூரம் எது என்று எனக்கே தெரியாது. இரண்டு அடி இடப்பக்கம் நகர்ந்தால் தென்னை கோயிலை மறைத்துவிடும். நான்கு அடி பின்வாங்கினால் படகின் அணியம் கோட்டையைத் தொட்டுவிடும். கடலில் பாறைக்கு ஓர் இடம்தான் உண்டு என்பதுபோலப் படத்துக்கும் ஓர் இடம்தான் உண்டு. அது கட்டைவிரல் அகலம்தான் இருக்கிறது. ஆகையால் பெரியவரின் முறையையே நானும் கைக்கொண்டேன். இரண்டு பொருள்கள் ஒன்றாகத் தெரிவது ஒரு கோடு, வேறு இரண்டு ஒன்றாகத் தெரிவது இன்னொரு கோடு. கீழே மாதம், மணி, காற்று. ‘கோயில் மூலையும் மூன்றாம் தென்னையும்; கொத்தளமும் உச்சிச் சிலுவையும்; மாசி, காலை ஆறே முக்கால், கொண்டல் வீசும்’ என்பது முதல் பக்கத்து முதல் பதிவு. காற்றை எழுதி வைப்பானேன் என்று முதலாளி கேட்டார். கொண்டல் வீசினால் படகுகளின் பாய் ஒரு பக்கமாகப் புடைக்கும், சோழகம் வீசினால் மறுபக்கமாகப் புடைக்கும், படத்தின் நடையே மாறிவிடும் என்று விளக்கினேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. ஆயினும் நோட்டின் விலையை நிலையத்துக் கணக்கில் எழுதிக்கொண்டார்.

மாசியும் பங்குனியுமாகக் கரையின் மற்ற ஊர்களுக்குப் போனேன். பூம்புகார் எனக்கு ஏமாற்றமே. சிலப்பதிகாரக் கலைக்கூடம் 1973-இல் எழுந்து புதுக் கருக்கு மாறாமல் நின்றது. அதைப் பார்க்க வருகிறவர்களின் வண்டிகள் நின்றன. ஆனால் இலக்கியத்தில் நான் படித்த பட்டினத்தை மணலில் தேடியது என் பிசகே தவிர ஊரின் பிசகல்ல. நாகூரில் தர்காவின் ஐந்து மனோராக்களில் பெரியது, தஞ்சை மராத்திய மன்னர் பிரதாப சிங் கட்டிக்கொடுத்தது, 131 அடி உயரம். நாகப்பட்டினத்துக்குப் பல மைல் அப்பால் கடலிலிருந்து அதை முதலில் பார்த்துத்தான் கரை இன்னதென்று தெரிந்துகொள்வோம் என்று அங்குள்ள மீனவர்கள் சொன்னார்கள். அந்தப் பெரிய மனோராவை, வெட்டாற்றுக் கழிமுகத்திலிருந்து, மாலை வெயிலில் எடுத்தேன். வேளாங்கண்ணியில் கூட்டம். கூட்டம் எனக்குப் பகையல்ல, ஆனால் காமிராவைப் பார்த்ததும் எல்லோரும் மாதாகோயிலுக்கு முன்னால் வரிசையாக நின்று, என்னையும் நிற்கச் சொல்லி, தங்கள் விலாசத்தை எழுதிக் கொடுத்தார்கள். பதினோரு விலாசங்களுக்குப் படம் அனுப்பினேன். நாலு பேர் பணம் அனுப்பினார்கள்.

வேதாரணியத்து உப்பளங்களில்தான் நான் நாள் கணக்கில் தங்கினேன். அகஸ்தியன்பள்ளியைச் சுற்றிக் கடல் நீரைப் பாத்திகளில் கட்டி, வெயிலுக்கு ஒப்புக்கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் அந்தத் தொழிலை, 1930-ஆம் வருஷம் ஏப்ரல் 30-ஆம் தேதி ராஜாஜி வந்து குனிந்து உப்பை அள்ளியதனால் தேசமே அறியும். ஆனால் அவர் திருச்சிராப்பள்ளியிலிருந்து பதினைந்து நாளுக்கு மேல் நடந்து வந்து ஒருநாள் அள்ளியதை, அங்குள்ளவர்கள் வருஷத்தில் பாதிக்குமேல் தினந்தோறும் அள்ளுகிறார்கள். விடிவதற்கு முன்பே வேலை துவங்கிவிடும்; பத்து மணிக்கு மேல் அந்த வெண்மையின்மீது கண் நிற்காது. பாத்தியின் நீர் மேற்பரப்பில் முதலில் ஒரு மெல்லிய ஏடு படியும். சுண்டக் காய்ச்சிய பாலின் ஏடுபோல. குனிந்து பார்த்தால் அது ஏடன்று. கடுகளவு சதுரங்கள், ஓரம் உயர்ந்து நடு தாழ்ந்த குட்டித் தெப்பங்கள், ஒன்றோடொன்று முட்டி மிதந்துகொண்டிருக்கும். விரலால் தொட்டால் மூழ்கிவிடும். மூழ்கியதே உப்பு. அந்தத் தெப்பங்களை எடுக்க எனக்கு ஆசையாக இருந்தது. யாஷிகாவின் லென்சு மூன்றடிக்கு இப்புறம் எதையும் தெளிவாகக் காட்டாது. பார்த்ததோடு சரி.

முதல் சுருளில் நான் எடுத்த உப்பு அத்தனையும் சாம்பலாக வந்தது. வெளிச்சமானி என்ற கருவி எதைக் கண்டாலும் அதை நடுத்தரமான பொருள் என்று எண்ணிக்கொள்ளும் சுபாவமுடையது. வெள்ளை வெளேரென்ற உப்பு அம்பாரத்தின்முன் நீட்டினால் பயந்துபோய் லென்சின் வாயைச் சுருக்கச் சொல்லும். அதன் பேச்சைக் கேட்டேன். அந்தப் படங்களில் ஒன்றை, என்னைத் தினமும் பார்த்துப் பழகிவிட்ட ஓர் அம்மாளிடம் காட்டினேன். இடுப்பில் கூடையோடு, உப்பு வாரும் பலகையை வரப்பில் சாத்திவிட்டு, நனைந்த கையை முந்தானையில் துடைத்துப் படத்தை வாங்கினாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். “இது யாரோட உப்பு தம்பி?” என்றாள். “உங்களோடதுதாம்மா” என்றேன். “இவ்வளவு அழுக்கா எங்க பாத்தியில உப்பு விழாது” என்று சொல்லி, படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். அந்த ஒரு வார்த்தை, நிலையத்தில் மூன்று வருஷம் நான் பெற்ற பாடத்தைக் காட்டிலும் அதிகம். மறுநாள் கருவியைப் பையிலேயே போட்டுவிட்டு, அது சொல்லக்கூடியதற்கு இரண்டு படி தாராளமாக லென்சைத் திறந்து, ஐந்தரை மணிக்கே, பாத்தி நீரில் வானம் விழுந்திருந்த வேளையில் எடுத்தேன். உப்பு உப்பாக வந்தது. அந்தப் படத்தை அவளிடம் காட்டப் போனபோது, அவள் தலையசைத்தது மாத்திரம் போதாதென்று, பக்கத்துப் பாத்திக்காரியையும் கூப்பிட்டுக் காட்டினாள். பேச்சுவாக்கில், “படத்துல காலு தெரியலியே, நல்லவேளை” என்றாள். உப்பு நீரில் நின்று நின்று வெடித்திருந்த அந்தக் கால்களை அப்போதுதான் பார்த்தேன். அவற்றை எடுக்க அனுமதி கேட்கும் தைரியம் எனக்கு வரவில்லை.

பன்னிரண்டு படங்களும் ஆடிக்கு முன்பே சிவகாசிக்குப் போய்ச் சேர்ந்தன. கார்த்திகையில் நாட்காட்டி வந்தது. ஜனவரி மாதத்துக்குத் தரங்கம்பாடி. ஆவலோடு பிரித்துப் பார்த்தேன். ஏதோ போல் இருந்தது. அச்சகத்தில் வண்ணச் சுருளைத் தலைமாற்றி வைத்துவிட்டார்கள். கோயில் கோட்டையின் மறுபக்கத்துக்குப் போய்விட்டது, மூக்குத்திகளெல்லாம் மூக்கின் மறுபக்கத்துக்கு மாறிவிட்டன. அடியில் ‘மாலை மயங்கும் நேரம்’ என்று பெயர் வேறு. கடலிலிருந்து வெயில் அடிக்கிற கிழக்குக் கரையில் மாலை எப்படி மயங்கும் என்று முதலாளி கடிதம் எழுதினார். அதற்குப் பதில் வரவில்லை. சன்மானம் மாத்திரம் கிரமமாக வந்தது. ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு தரங்கம்பாடிப் பெரியவரிடம் போனேன். அவர் வலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். நாட்காட்டியைக் கையில் வாங்கி, தூரத்தில் பிடித்து, கண்ணை இடுக்கிப் பார்த்தார். பெண்களில் ஒருத்தியைத் தம் மருமகள் என்று அடையாளம் கண்டு சந்தோஷப்பட்டவர், படத்தின் பின்புறத்தைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டார். “இது நம்ம ஊரு இல்லே தம்பி. இந்தக் குறியை வச்சுப் போனா ஒருத்தனும் கரை சேரமாட்டான்” என்றார். ஆனாலும் அதை அவர் வீட்டுச் சுவரில் மாட்டினார்கள். மருமகளுக்காக.

கோடியக்கரையைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன், அங்கே நான் போனது உப்பளத்துக்கு முன்னால், மாசியிலேயேயானாலும். வடக்கிலிருந்து நேராகத் தெற்கே ஓடிவரும் சோழமண்டலக் கரை, அந்த முனையில் வந்து, இதற்குமேல் தெற்கே போக மனமில்லாததுபோலச் சட்டென்று மேற்கே திரும்பிவிடுகிறது. ஆகையால் அங்கே தென்கரையில் நின்றால் வெயில் காலையில் ஒரு பக்கத்திலிருந்தும் மாலையில் மறுபக்கத்திலிருந்தும் கிடையாக வருகிறது. பொருள்களுக்கெல்லாம் ஒரு கன்னம் ஒளியும் ஒரு கன்னம் நிழலுமாக, சிற்பி செதுக்கியதுபோல நிற்கும். காட்டில் வெளிமான்கள், சதுப்பில் பூநாரைகள். பூநாரைகளைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. எனது லென்சுக்கு அவை சதுப்பின் கடைசியில் கிழித்த ஒரு வெள்ளைக் கோடாக மாத்திரமே தெரிந்தன. என்னை நிறுத்தியது வேறு. மழைக்காலம் தொடங்கி நாலைந்து மாதத்துக்கு வெளியூர் மீனவர்கள் குடும்பத்தோடு வந்து, கீற்றுக் கொட்டகை போட்டுத் தங்கி மீன்பிடித்து, கோடை வந்ததும் கலைந்து போகிற தற்காலிக ஊர் ஒன்று அந்தக் கரையில் இருந்தது. கொட்டகைகளுக்கு முன்னால் மணல் நெடுகக் கருவாடு காயப் போட்டிருந்தார்கள். வெள்ளிக்காசுகளை வரிசை வரிசையாக அடுக்கியதுபோல. அதற்கப்பால், சோழர் காலத்துக் கலங்கரை விளக்கம் என்று ஊரார் சொல்லும் செங்கல் கோபுரம், உச்சி உடைந்து, ஒரு பக்கம் வெயிலும் ஒரு பக்கம் இருட்டுமாக நின்றது. கல்கி பொன்னியின் செல்வனில் பூங்குழலியைக் குடியேற்றியது இந்தக் கோடியக்கரையில்தான் என்பதால், அந்தக் கோபுரத்தைப் பார்க்கிற தமிழன் எவனும் அதை வெறும் செங்கலாகப் பார்ப்பதில்லை, நானும் பார்க்கவில்லை.

அந்தப் படத்துக்கான இடத்தைத் தேட எனக்கு ஒன்றரை நாள் பிடித்தது. கருவாட்டு வரிசைகள் கோபுரத்தை நோக்கி ஓடவேண்டும். ஓடினாலும் கொட்டகைகள் குறுக்கே வரக்கூடாது. கடைசியில் கண்டுபிடித்து நோட்டில் எழுதினேன்: ‘கோபுரத்தின் உடைந்த உச்சியும் பின்னாலுள்ள ஒற்றைப் பனையும் ஒரு கோடு. 1890-இல் வெள்ளைக்காரர் கட்டிய கலங்கரை விளக்கமும் பாழுங்கிணற்றுக் கைப்பிடிச் சுவரின் கீழ்முனையும் ஒரு கோடு. மாசி, காலை ஏழு பத்து, காற்று இல்லை.’ நான் அந்தப் புள்ளியில் நின்று தலை குனிந்திருந்தபோது, கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டு வந்த ஒரு சிறுமி, தன் நிழல் படத்தில் விழுந்துவிடுமோ என்று ஒதுங்கி நின்றாள். நிழல்தான் வேண்டும் என்று எவ்வளவோ சொல்லியும் அவள் நம்பவில்லை. டிசம்பர் மாதத்துக்கு அந்தப் படத்தைத்தான் போட்டார்கள். அதையாவது தலைமாற்றாமல் போட்டார்கள்.

அப்புறம் நானே சொந்தமாக நிலையம் வைத்து, கல்யாணமும் காதுகுத்துமாக முப்பது வருஷம் ஓடிற்று. 2004-ஆம் வருஷம் டிசம்பர் 26-ஆம் தேதி காலை, நாகப்பட்டினத்துக் கரையில் கடல் ஏறி என்ன செய்தது என்பதை நான் எழுதித்தான் தெரியவேண்டுமென்பதில்லை. தரங்கம்பாடிப் பெரியவர் அதற்கு வெகு காலம் முன்பே போய்விட்டார். அவருடைய வீடு இருந்த வரிசையில் வீடே இல்லை.

2008-ஆம் வருஷம் மாசியில், பழைய பெட்டியைக் குடைந்தபோது அந்த நாற்பது பக்க நோட்டு அகப்பட, அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கோடியக்கரைக்குப் பஸ் ஏறினேன். காமிராவும் கொண்டுபோனேன், வேறு காமிரா, கழுத்தில் தொங்குவது. கொட்டகைகள் இருந்தன, கருவாடும் இருந்தது. கோபுரம் இல்லை. அலையில் சிதைந்துபோய் அடிக்கட்டு மாத்திரம் மணலோடு மணலாகக் கிடந்தது. பனையையும் காணோம். கலங்கரை விளக்கம் நின்றது. முள் மண்டிப்போயிருந்தாலும் பாழுங்கிணற்றின் கைப்பிடிச் சுவரைத் தேடிக் கண்டுபிடித்தேன். கீழ்முனை இடிந்திருந்தாலும் முனைதான் என்று தெரிந்தது. ஆக, இரண்டு கோடுகளில் ஒன்று எனக்கு மிச்சமிருந்தது. கலங்கரை விளக்கத்தைக் கிணற்றின் முனைக்கு நேராக நிறுத்திக்கொண்டு, அது விலகாதபடி பின்புறமாகவே ஒவ்வோர் அடியாக எடுத்துவைத்து, கடலை நோக்கி நடந்தேன். எங்கே நிற்கவேண்டும் என்று சொல்ல மற்றக் கோடு இல்லை.

பைபர் படகில் வலையை ஏற்றிக்கொண்டிருந்த ஓர் இளைஞன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அறுபது வயதை நெருங்கும் கிழவன் ஒருவன் பின்பக்கமாகக் கடலுக்குள் நடந்தால் யார்தான் பார்க்க மாட்டார்கள்! “என்ன ஐயா தேடுறீங்க?” என்று குரல் கொடுத்தான். முன்னே ஒரு படம் எடுத்த இடம் என்றேன். அவன் இடுப்புப் பையிலிருந்து கைக்கடக்கமான ஜி.பி.எஸ். கருவியை எடுத்துக் காட்டி, “அன்னைக்கே நம்பர் போட்டு வச்சிருந்தா இப்ப நேரா அங்கே போயி நிக்கலாம்” என்றான். பாறைகளையெல்லாம் இப்போது அதில்தான் வைத்திருக்கிறார்களாம். கோடு பார்ப்பதைப் பற்றிக் கேட்டேன். “எங்க தாத்தா பாப்பாரு” என்றான்.

இன்னும் நாலடி பின்வாங்கினேன். கிணற்று முனையும் கலங்கரை விளக்கமும் விலகாமல் ஒன்றின்பின் ஒன்றாகவே நின்றன. ஈரமணல் முடிந்து அலைநுரை குதிகாலைத் தொட்டது, பிறகு கெண்டைக்கால், வேட்டியை உயர்த்திக் கட்டிக்கொண்டேன். பையைக் கொடுங்கள், நனைந்துவிடும் என்று சொல்லிக்கொண்டே அந்தப் பையன் நீரில் இறங்கி வந்து அதை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு என் பக்கத்தில் நின்றான். நீர் முழங்காலுக்கு வந்தபோது, கோடு இன்னும் உள்ளே போய்க்கொண்டிருந்தது.